அரிவிக்காலமும் ஆரம்பப் பாடசாலையும்

இலையுதிர்காலம் என்பது நம் நாட்டில் இல்லாத ஒரு பருவம். எனினும் நம் சிறுவர் வகுப்புகளின் சுவர்களிலே அதன் படம் தொங்குவதைக் காணலாம். சிவந்த இலைகள், பெரிய மஞ்சட் பூசணிக்காய், சோளக் கதிர்கள், கூடை நிறைந்த அப்பிள்பழங்கள் ஆகியன அப்படத்தில் இருக்கும். வடதிசை நாடுகளிலே செப்தெம்பர் முதல் நவம்பர் வரையுள்ள காலத்திற் பயிர்கள் முற்றி வீடு வந்து சேரும். பனி விழுமுன் எல்லாவற்றையும் களஞ்சியத்திற் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்நாட்டுக் கமக்காரருக்கு உண்டு. ஆகவே அங்குள்ள கிராமப் பாடசாலைகளில் அப்பருவத்தையொட்டி அறுவடைப் பாடங்கள் நடைபெறுவது இயல்பே. நமக்கோ காலபோக நெல் தை, மாசி மாதங்களில் விளைகிறது. பாடசாலையின் புதிய ஆண்டு தொடங்குவதும் அக்காலத்திலேதான். வயலும் வகுப்பும் ஒரே வேளையிற் பிள்ளையை அழைக்கின்றன. இவ்விரண்டையும் எவ்வாறு இணக்கலாம் என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

பாடசாலையும் அறுவடையும் நெடுங்காலம் ஒன்றோடொன்று பகைத்தே வந்தன. இங்கிலாந்திலே 1880 ஆம் ஆண்டில் ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டபின், கிராமப் பாடசாலைத் தலைமையாசிரியர்கள் எழுதி வைத்த நாட்குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தால், அறுவடைக் காலந்தோறும் ஒரே முறைப்பாடுதான் காணப்படும்: பிள்ளைகள் வரவில்லை. கதிர் பொறுக்கப் போனார்கள், உருளைக்கிழங்கு கிண்டப் போனார்கள் என்பன அக்குறிப்புகள். சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்கு இழுத்தது; வயிறு வயலுக்கு இழுத்தது. இச்சிக்கலுக்கு ஒரு விடை, பாடசாலையையே மூடிவிடுவது. ஸ்கொத்லாந்தில் ஒக்டோபர் மாதத்து விடுமுறையை உருளைக்கிழங்கு விடுமுறை என்று மக்கள் இன்றும் அழைப்பதுண்டு. கிழங்கு எடுக்கப் பிள்ளைகள் போய்விட்டு, இன்று பெயர் மாத்திரம் எஞ்சியிருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து வடகோடியிலுள்ள அரூஸ்டுக் மாவட்டத்திலும் இதே காரணத்திற்காகப் பாடசாலைகளை ஓகஸ்ட் மாதத்திலேயே தொடங்கிச் செப்தெம்பரிற் சில வாரங்கள் மூடும் வழக்கம் இருந்து வந்துள்ளது. இயந்திரங்கள் வந்தபின் அது சுருங்கி வருகிறது.

இது நேர்மையான விடைதான். ஆனால் இதன் உட்கருத்து யாதெனில், வயலிற் படிப்பு இல்லை, படிப்பில் வயல் இல்லை என்பதாகும். இக்கருத்தை ஒப்பாத ஆசிரியர் சிலர் அமெரிக்காவின் நடுப்பகுதியிலே தோன்றினர். ஒகையோ மாநிலத்திலே கிராமப் பாடசாலைகளின் மேலதிகாரியாக இருந்த ஏ. பி. கிரகாம் என்பவர் 1902 ஆம் ஆண்டு சனவரியிற் பிள்ளைகள் சிலரைத் திரட்டி ஒரு கழகம் அமைத்தார். சோளம் பயிரிடுதல், மண்ணைச் சோதித்தல் முதலியன அவர்களுடைய வேலை. அயோவா மாநிலத்தின் பேஜ் மாவட்டத்திலே ஜெசி ஃபீல்ட் என்ற பெண்மணி முதலில் ஆசிரியையாக இருந்து, 1906 இல் அம்மாவட்டப் பாடசாலைகளின் மேலதிகாரியானார். அவருடைய பொறுப்பில் 130 கிராமப் பாடசாலைகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே அறையும் ஓர் ஆசிரியருமே கொண்டவை. தலை, கை, இதயம் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைத் தாங்கிய சிறு பதக்கம் ஒன்றை அவர் 1910 இல் வகுத்தார். பின்னர் நான்காவது எழுத்தும் சேர்ந்து உலகெங்கும் பரவிய இளங்கமக்காரர் இயக்கத்தின் சின்னமாக அது வளர்ந்தது.

அவர் காலத்துப் பாடசாலைகளிற் சோளக் கதிர் எவ்வாறு பாடநூலாயிற்று என்பதைச் சற்று விரிவாகப் பார்த்தல் நன்று. அறுவடை வேளையிலே பிள்ளை தன் தந்தையாருடைய வயலில் நல்ல கதிர்களைத் தெரிந்தெடுத்து உலர்த்தித் தொங்கவிடும். கதிரில் எத்தனை வரிசை மணிகள் உள்ளன என்று எண்ணும். எந்தக் கதிரை எடுத்தாலும் வரிசைகள் இரட்டை எண்ணாகவே இருக்கக் காண்பது பிள்ளைக்குப் பெரும் வியப்பு. பின்பு குளிர்காலம் கழியும் வேளையில் ஒவ்வொரு கதிரிலிருந்தும் ஆறு மணிகளை எடுத்து, இலக்கமிட்ட கட்டங்கள் வரைந்த ஈரத் துணியில் வைத்து முளைக்கவிடுவார்கள். ஆறும் முளைத்த கதிர் விதைக்கு. முளையாத கதிர் பன்றிக்கு. ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 12 முதல் 15 கதிர் வரை விதையாகப் போதும். அப்படியாயின் ஒரு கெட்ட கதிர் எவ்வளவு நிலத்தைத் தரிசாக்கும்? இக்கேள்விக்குப் பிள்ளை கண்ட விடையைத் தகப்பனார் இரவுச் சாப்பாட்டு வேளையிற் கேட்டார். கணக்கு என்பது புத்தகத்தின் பின்பக்கத்து விடையோடு ஒத்துப்போனாற் போதும் என்றிருந்த நிலை அன்று மாறிற்று. விடை தவறினால் வயல் காட்டிக்கொடுக்கும்.

இந்தியாவிலே 1937 ஒக்டோபரில் வார்தா நகரில் நடைபெற்ற மகாநாட்டிற் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் இதற்கு உறவானதே. ஆயினும் அத்திட்டம் பல இடங்களில் வெறும் இராட்டைச் சுழற்சியாகக் குறுகிப்போயிற்று. பிள்ளையின் கைவேலை பாடத்தைத் தர வேண்டும். அதைவிட்டுப் பாடம் கைவேலைக்குச் சாக்காகிவிட்டாற் கல்வி அங்கே நின்றுவிடும். நெல்லைப் பற்றிய பாடத்திலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். பிள்ளையை வேலைக்காரனாக்குவதற்கு அறுவடைப் பாடம் என்று பெயர் சூட்டலாகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழும், மன்னாரிற் கட்டுக்கரைக் குளத்தின் கீழும், மட்டக்களப்பிற் படுவான்கரையிலும் முன்னாளிலே அரிவிக்காலம் வந்தால் வகுப்பில் வாங்குகள் வெறுமையாயிருக்கும். சற்று வளர்ந்த பிள்ளைகள் வயலுக்குப் போவர். அவர்களினும் இளையோர் வீட்டிலிருந்து கைக்குழந்தையைப் பார்ப்பர். ஆசிரியர் இடாப்பிற் கோடிடுவார். இன்று நிலைமை வேறு. வெட்டி அடித்துத் தூற்றிச் சாக்கில் நிரப்பும் பேரியந்திரம் வரம்பருகே வந்து நின்றால், முன்பு பல நாள் பலர் கூடிச் செய்த வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடுகிறது. வாங்குகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் அப்பிள்ளைகளுட் பலர் நெல்லைக் காண்பது தார் வீதியோரத்தில் அது காயும்போதே. முன்பு வயலை அறிந்த பிள்ளையைப் பாடசாலை இழந்தது. இப்போது பாடசாலைக்கு வரும் பிள்ளை வயலை இழக்கின்றது. ஆதலின் அறுவடைப் பாடம் முன்னிலும் இன்றே தேவையாகிறது. ஆரம்ப வகுப்புகளிற் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்றொரு பாடம் இருப்பதால், இதற்கு இடம் தேடி அலைய வேண்டியதுமில்லை.

செலவு ஒன்றுமில்லை. இயந்திரம் வயலில் இறங்குமுன் ஒரு மூலையில் வேரோடு பிடுங்கிய சில நெற்பயிரும், கையால் அரிந்த ஒரு பிடி கதிரும் இருந்தாற் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கதிரைக் கொடுத்து, இதில் எத்தனை மணி இருக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுக. சிலர் 20 என்பர், சிலர் 1000 என்பர். ஊகத்தை எழுதி வைத்தபின் எண்ணுக. பத்துப் பத்தாகச் சோடாப் போத்தல் மூடிகளில் இட்டு எண்ணினால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தின் தானமும் நூறின் தானமும் கைக்கு வந்துவிடும். ஒருவர் கதிரில் 70, மற்றொருவர் கதிரில் 160 என்று வரும். ஏன் இந்த வேற்றுமை என்ற கேள்வியைப் பிள்ளைகளே எழுப்புவர். கரையோரத்துப் பயிரா, நடுவயற் பயிரா? நிழலில் நின்றதா? புல் மண்டிய இடமா? இங்கே ஆசிரியர் விடை சொல்ல விரைதல் வேண்டாம். விடை தெரிந்த பிள்ளை வகுப்பிலேயே இருக்கும். பெரும்பாலும் அது கடைசி வாங்கில் இருக்கும். எழுத்திற் பின்தங்கிய பிள்ளையென்று பெயர் வாங்கியிருக்கும். அதன் சொல்லுக்கு அன்று வகுப்பு முழுவதும் காது கொடுக்கும். அறுவடைப் பாடத்தின் பயன்களுள் இதனை நான் முதன்மையாகக் கொள்கிறேன்.

எண்ணிய மணிகளைத் தண்ணீரில் இட்டாற் பதர் மிதக்கும், நிறைமணி தாழும். மிதந்தது எத்தனை, தாழ்ந்தது எத்தனை என்பது கழித்தற் கணக்கு. மேல்வகுப்பாயின் ஆயிரம் மணியை எண்ணிக் கடைத்தராசில் நிறுக்கலாம். சம்பா போன்ற சிறுமணி நெல் நீங்கலாக, ஆயிரம் மணி ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். அப்படியாயின் ஒரு கிலோவில் 40,000 மணி. ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. அதாவது 8 இலட்சத்து 40 ஆயிரம் மணி! இலட்சம் என்ற சொல்லை வாய்ப்பாடாக மாத்திரம் அறிந்த பிள்ளை, முற்றத்திற் கிடக்கும் ஒரு சாக்கைப் பார்த்து அதனுள் இருபது இலட்சத்திற்கு மேல் இருக்கிறது என்று சொல்லும் நாள் வரும்.

நிலத்தின் அளவையும் இத்துடன் சேர்க்கலாம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சஸ். பாடநூல் ஹெக்டயர் என்கிறது, உறுதி எழுதுவோர் பரப்பு என்கின்றனர், கமக்காரர் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்கின்றனர். இம்மூன்று மொழிகளையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றத் தெரியாத பிள்ளை கணக்கிற் சித்தியடைந்தும் வீட்டுக்கு உதவாது.

காய்ந்த நெல், ஈர நெல் என்ற வேறுபாடு பெரியோர்க்கே பணக் கணக்கு. இயந்திரத்தில் வெட்டிய நெல்லில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேலும் ஈரம் இருப்பதுண்டு. அரசாங்கம் நெல்லைக் கொள்வனவு செய்யும்போது ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டலாகாது என்று விதிப்பது வழக்கம். வயலோரத்தில் ஈர நெல்லை வாங்கும் வியாபாரி ஈரத்திற்கென்று சில கிலோவைக் கழிப்பார். அவர் கழிப்பது நியாயமா, அதிகமா என்று எவ்வாறு அறிவது? வகுப்பில் ஒரு கிலோ ஈர நெல்லை நிறுத்து, பாயில் வெயிலிற் காயவைத்து, நாள்தோறும் அதே வேளையில் மீண்டும் நிறுத்துக் குறித்து வருக. நிறை முதலில் விரைவாகக் குறையும், பிறகு மெல்லக் குறையும், ஈற்றில் ஏறக்குறைய நின்றுவிடும். இதனைச் சதுரக் கோட்டுத் தாளிற் புள்ளியிட்டு வரைந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வரைபுக் கல்வி ஆயிற்று. அந்தத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பெற்றோர் பாடசாலைத் தாளொன்றைக் கூர்ந்து நோக்கும் அரிய சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்றாயிருக்கும்.

நெல்லினங்களின் பெயரைப் பிள்ளைகளிடமே கேட்கலாம். மொட்டைக்கருப்பன், பச்சைப்பெருமாள் என்ற பழைய பெயர்களைப் பாட்டிமார் சொல்வர். தகப்பன்மார் பி.ஜி. 300, ஏ.ரி. 362 என்று இலக்கம் சொல்வர். அவ்விலக்கங்களிலே ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. 300 வரிசை மூன்று மாத நெல். 350 ஐ ஒட்டியவை மூன்றரை மாத நெல். 400 வரிசை நாலு மாத நெல். எழுத்து, அது பிறந்த ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும், பி.ஜி. என்பது பத்தலேகொட, ஏ.ரி. என்பது அம்பலாந்தோட்டை. விதைத்த நாளைச் சொன்னால் அரிவி நாளைப் பிள்ளை தானே நாட்காட்டியிற் குறித்துவிடும்.

மொழிப்பாடத்திற்கு இப்பருவம் தருவது போல் வேறெதுவும் தராது. பாடநூல் அறுவடை என்று சொல்ல, ஊர் அரிவி வெட்டு என்று சொல்லும். அரிந்து போட்ட சிறு கற்றை உப்பட்டி. கட்டுகளை அடுக்கி வைத்தது சூடு. அதை மிதிப்பது சூடு மிதித்தல். சூடு என்றால் வெப்பம் என்று மட்டும் அறிந்த பிள்ளை இங்கே திகைக்கும். புதிர் என்றால் விடுகதை. தைப்பூசத்தையொட்டி முதல் நெல்லை அரிசியாக்கிப் பொங்கி உண்பதும் புதிர். களத்திலே நெற்குவியலைப் பொலி என்பர். மங்கலமல்லாத சொல் வாயில் வராதபடி, களத்திற்கென்றே தனிச் சொற்கள் வழங்கும் மரபு தமிழ்க் கமக்காரரிடமும் சிங்களக் கமக்காரரிடமும் இருந்தது. அவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வருமாறு மேல்வகுப்புப் பிள்ளைகளை அனுப்பலாம். இயந்திரம் வந்தபின் இச்சொற்களுக்கு வேலையில்லாது போயிற்று. அவற்றை அறிந்தவர்களின் தொகையும் ஆண்டுதோறும் குறைகிறது.

களம், போர் என்னும் சொற்கள் இரண்டைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். நெல் மிதிக்குமிடமும் களம், படை பொருதுமிடமும் களம். வைக்கோற் குவியலும் போர், யுத்தமும் போர். ஏர்க்களத்தையும் போர்க்களத்தையும் ஒப்பிட்டுப் பாடியது நம் பழம்புலவர் மரபு. அவர்கள் ஏர்க்களத்தை அறிந்த மக்களுக்குப் போர்க்களத்தை அதனாலே விளக்கினர். 2009 இல் முடிவுற்ற யுத்தத்தின் பின் வன்னியின் சில வயல்கள் ஆண்டுக்கணக்காகத் தரிசு கிடந்து, கண்ணிவெடி அகற்றியபின்னரே மீண்டும் உழப்பட்டன. அங்கே ஆசிரியர் இவ்வொப்பினைத் தலைகீழாகச் செய்ய வேண்டியவரானார்: போர் என்றால் யாது என்று வீட்டார் பேச்சாற் கேட்டறிந்த பிள்ளைக்கு, வைக்கோற்போரைக் காட்டி இதுவும் அப்பெயருடையதே என்று சொல்ல வேண்டியிருந்தது.

விதை முளைப்புச் சோதனை அயோவாவில் நடந்ததுபோல் இங்கும் நடத்தலாம். நூறு மணியை ஈரத் துணியிற் சுற்றி வைத்து, ஒரு வாரத்தில் முளைத்தவற்றை எண்ணுவது. நல்ல விதைநெல்லாயின் 85 ஆவது முளைக்க வேண்டும். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. நேற்று அரிந்த நெல்லில் இச்சோதனையைச் செய்தாற் பல மணிகள் முளையா. நெல் கெட்டதென்று எண்ணிவிடலாகாது. புதுநெல் சில வாரங்கள் உறக்கத்திலிருக்கும். இவ்வுறக்கம் இல்லையேல், அரிவி வேளையிற் பெய்யும் தை மழைக்குக் கதிரிலேயே நெல் முளைத்துவிடும். ஆகவே புதுநெல்லையும், வீட்டில் மிஞ்சியிருக்கும் சென்ற போகத்து நெல்லையும் பக்கத்திற் பக்கம் வைத்துச் சோதித்து, இரண்டு மாதம் கழித்துப் புதுநெல்லை மீண்டும் சோதிக்க வேண்டும். உறங்கிய விதை விழித்ததைப் பிள்ளைகள் தாமே காண்பர்.

வயலுக்குக் கூட்டிச் செல்வதாயின் இயந்திரம் ஓடும் வேளையிற் செல்லலாகாது; அரிவாளைப் பிள்ளை கையிற் கொடுப்பதும் வேண்டியதில்லை. அனுபவமுள்ள கமக்காரர் ஒருவரையோ, நெடுங்காலம் அரிவி வெட்டிய பெண்ணொருவரையோ வகுப்புக்கு அழைத்து நாற்காலியில் இருத்துங்கள். அவர் பேசும்போது ஆசிரியர் பிள்ளைகளோடு வாங்கில் இருந்து குறிப்பெடுப்பது நல்லது. நெல் விளையாத ஊர்களில் நெல்லையே பிடித்துக்கொண்டு நிற்பதும் பொருத்தமன்று. மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைக்குக் கொழுந்தே விளைச்சல். நாலரைக் கிலோ அளவான பச்சைக் கொழுந்து காய்ந்து ஒரு கிலோத் தேயிலையாவதை அங்கே கணக்காக்கலாம். தாய்மார் நாள்தோறும் தராசின்முன் நிற்பவர்கள் என்பதால் அக்கணக்கு வீட்டிலும் பேசப்படும். கரையோரத்தில் மீனும், தீவகத்திற் பனையும் இருக்கின்றன.

கடைசியாக ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் அதே வயலின் அதே மூலையிலிருந்து இருபது கதிர் எடுத்து, மணிகளின் தொகை, பதரின் தொகை, ஆயிரம் மணியின் நிறை, விதைத்த நாள், அரிந்த நாள் என்பவற்றைப் பாடசாலை தன் கொப்பியில் எழுதி வைக்கலாம். இரசாயன உர இறக்குமதி 2021 இல் தடைசெய்யப்பட்டதன் பின் வந்த பெரும்போகத்தில் நாடெங்கும் விளைச்சல் வீழ்ந்தது. அத்தகைய கொப்பி அன்று இருந்த வகுப்பில், அவ்வீழ்ச்சியின் அளவு பிள்ளைகளின் கையெழுத்திலேயே இருந்திருக்கும். வெள்ளம் வந்த ஆண்டும், வரண்ட ஆண்டும் அவ்வாறே பதிவாகும். கொப்பி ஆசிரியருக்குச் சொந்தமாகாமற் பாடசாலைக்குச் சொந்தமாயிருக்க வேண்டும். இடமாற்றம் பெற்றுச் செல்பவர் அதை அலுமாரியில் விட்டுச் செல்ல வேண்டும். எண்ணி முடித்த மணிகளைக் கொட்டிவிடாமற் போத்தலில் இட்டு, இனத்தின் பெயரும் ஆண்டும் எழுதி ஒட்டி வைத்தாற் புரட்டாசி மழைக்குப் பாடசாலைத் தோட்டத்தின் ஒரு பாத்திக்கு விதை அதுவே.